நானூறு கதிரை

பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் இருக்கும் குகதாசனின் புடவைக்கடைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று தெரியும். மிருணாளினியிடம் சேலை பார்த்தால் அரைநாள் போகும். சேலையை விரிப்பதற்கு முன் அவள் ஆளை விரித்துவிடுவாள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, கலியாணம் யாருக்கு, மாப்பிள்ளையின் தாய் கரவெட்டியா உடுப்பிட்டியா, மூத்தவர் லண்டனிலா ரொறன்ரோவிலா, எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அலுமாரிப் பக்கம் கை போகும்.

"இவா சேலை விக்கிறாவோ, குடிசன மதிப்பு எடுக்கிறாவோ தெரியேல்லை" என்பார் குகதாசன். சொல்வாரே தவிர, தடுக்கமாட்டார். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை அவளைக் கேட்டுத்தான் வந்தார்கள். அவளுக்கும் ஒரு முகம் மறக்காது, ஒரு பெயர் மறக்காது. யாருடைய தங்கை யாருக்கு மச்சாள் என்று ஏழு வருடத்தில் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் முழுவதையும் மனதில் எழுதி வைத்திருந்தாள்.

அவள் சொந்தத்தில் சொல்லிக்கொள்ள ஓர் ஆள்தான் இருந்தது. 2009 மே மாதம், வன்னியின் கடற்கரையில், கணவன் பாலச்சந்திரனையும் ஒன்பது வயது மகன் கிருஷிகனையும் ஒரே காலையில் பறிகொடுத்தாள். மிஞ்சியது பதினான்கு வயது லக்சனா. தாயும் மகளும் இரண்டு வருடம் கழித்துப் பாரிசுக்கு வந்து, புறநகர் சார்செலில் ஒன்பதாம் மாடியில் ஒரு சின்ன வீடு எடுத்துக் குடியிருந்தார்கள். அந்த மே மாதத்துக்குப் பிறகு மிருணாளினிக்குக் கூட்டம் ஆகாது. வேலைநிறுத்த நாட்களில் கார் து நோர் நிலையத்தில் சனம் நெருக்கியடித்தால், வந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பாள். அதிலும் சனமென்றால் அதற்கடுத்தது. மண்டபங்களில் வாசலுக்குப் பக்கத்தில் உள்ள கதிரையைத்தான் தேடி அமர்வாள். கூட்டமென்றால் அவளுக்கு ஓடுகிற கூட்டம்தான். பிள்ளையின் கை நழுவிப் போகிற இடம்.

இந்தக் கதை நடந்தது 2018இல். லக்சனா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம் ஆறு மாதம் ஸ்தாஜ் என்கிற வேலைப் பயிற்சி செய்யவேண்டும். யாருக்கோ எழுதி, யாரையோ பிடித்து, கனடாவில் ஒரு தொழில்முறை ஃபுட்போல் கழகத்தில் பயிற்சிக்கு இடம் எடுத்துவிட்டாள். ரொறன்ரோவில் இருந்து காரில் ஒரு மணித்தியாலம்.

"ஃபுட்போல் எண்டா உதைபந்தாட்டமோ?" என்று குகதாசன் கேட்டார்.

"இல்லையாம் அண்ணை. பந்து நீளமாம். கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடுறதாம்."

"அது அமெரிக்கன்காரன்ர விளையாட்டெல்லோ?"

"கனடாக்காரருக்கு வேறையாம். மைதானம் இன்னும் பெரிசாம். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேராம். அமெரிக்கனுக்கு நாலு தரம் சந்தர்ப்பம் குடுக்கிறதாம். இவைக்கு மூண்டு தரம்தானாம்."

"இடம் பெரிசு, சந்தர்ப்பம் குறைவு" என்று குகதாசன் தலையாட்டினார். "எங்கட அகதி வழக்கு மாதிரி."

சேலை மடித்துக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரி சிரித்த சிரிப்பில் மடிப்புக் குலைந்தது. அவள் மிருணாளினிக்கு மூத்தவள், கடையில் அவளுக்கு முன்னரே வேலைக்கு வந்தவள். "நீளப் பந்தோ? அப்ப தேங்காய்ப் பந்து எண்டு சொல்லு" என்றாள். அன்றிலிருந்து கடையில் அதற்குத் தேங்காய்ப் பந்து என்றே பெயர்.

லக்சனாவின் வேலை பந்தோடு அல்ல, கதிரைகளோடு. வைபரில் தாய்க்கு அவள் விளங்கப்படுத்தினாள்.

"அம்மா, இஞ்சை மைதானத்திலை இருபத்தையாயிரம் பேர் இருக்கலாம். பாதிதான் வருகினம். வாறவையைப் பாத்தா முழுக்க நரைச்ச தலை. முப்பது, நாப்பது வருசமா அதே கதிரையிலை வந்து இருக்கினம். ஒவ்வொரு வருசமும் கொஞ்சப் பேர் குறையினம். அவையின்ர பிள்ளையள் வருகினமில்லை. இவையும் போனாப் பிறகு ஆர் வரப்போகினம்?"

"இளம் ஆக்கள் ஏன் வருகினமில்லை?"

"வெளிநாட்டிலையிருந்து வந்த ஆக்கள்தான் இஞ்சை பாதி. அவையின்ர பிள்ளையளுக்கு இந்த விளையாட்டை ஆரும் காட்டேல்லை. தகப்பன் கூட்டிக்கொண்டு போனாத்தானே பிள்ளை போகும்?"

கழகம் அவளிடம் ஒரு பகுதியைக் கொடுத்துப் பார்த்தது. ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி ஆட்டம். வடக்குப் பக்கத்தில் நானூறு கதிரை. சிறுவர்களுக்கும் மாணவர்களுக்கும் காசில்லாமல் சும்மா. ரொறன்ரோவின் தமிழ்ப் பிள்ளைகளால் அதை நிரப்பிக் காட்டவேண்டும். பாதியாவது நிரம்பினால் அடுத்த வருடமும் செய்வார்கள், லக்சனாவையும் அதற்கென்று நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். நிரம்பாவிட்டால் ஓகஸ்டோடு ஸ்தாஜ் முடிகிறது, அவள் பாரிசுக்குத் திரும்பவேண்டியதுதான்.

அவள் தமிழில் நோட்டீஸ் அடித்தாள். ஸ்காபரோவில் பலசரக்குக் கடை, நகைக்கடை, ரியூசன் வாசல் எல்லாம் ஒட்டினாள். முகநூலில் போட்டாள். இரண்டு வாரம் இருக்கையில் தாயைக் கூப்பிட்டாள்.

"முப்பத்தொரு பேர் பதிஞ்சிருக்கினம் அம்மா. அதிலை பதினொரு பேர் என்னோட வேலை செய்யிறவையின்ர சொந்தம்."

"இன்னும் நாள் கிடக்குத்தானே?"

"இல்லையம்மா. பரவாயில்லை. முதலாம் திகதிக்கு ரிக்கற் பாக்கிறன்."

போனை வைத்த பிறகு மிருணாளினி நேராகப் போய் மகளின் கட்டில் விரிப்பைக் கழற்றித் தோய்த்தாள். மறுநாள் வேலை முடிந்து வருகையில் அவளுக்குப் பிடித்த கருவாடு வாங்கினாள். முதலாம் திகதி. பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அந்த வீட்டில் மறுபடி இரண்டு தட்டு. இரண்டு நாள் அவள் வேறொன்றும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டுமென்று அவளுக்கு இருக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் ரயிலில் வரும்போது அந்தச் சொல் அவளைக் குத்தியது. பரவாயில்லை. முகாமில் அவளுடைய புத்தகப் பையை யாரோ எடுத்துப் போனபோதும் லக்சனா அப்படித்தான் சொன்னாள். பாரிசில் முதல் வருடம், தன்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளின் வகுப்பில் இருத்தியபோதும் அதையே சொன்னாள். தகப்பனையும் தம்பியையும் விட்டுவிட்டு வந்த அன்று இரவு, தண்ணீர் இல்லை என்று மிருணாளினி சொன்னபோதும் பதினான்கு வயதுப் பிள்ளை அதைத்தான் சொன்னாள். தன்னிடமிருந்து ஒன்று பறிபோகும் நேரமெல்லாம் அந்தப் பிள்ளை எடுக்கும் சொல் அது. இப்போது அதைக் கேட்டுவிட்டு, தாய்க்காரி போய்க் கருவாடு வாங்கியிருக்கிறாள்.

கடைக்கு வந்ததும் மகள் அனுப்பிய நோட்டீசைப் போனில் திறந்து ஜெகதீஸ்வரிக்குக் காட்டினாள். நல்ல வடிவான நோட்டீஸ். நிறம், படம், திகதி, வாகனம் நிறுத்தும் இடம் எல்லாம் இருந்தது.

ஜெகதீஸ்வரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சரி. ஆர் சொன்னது?"

"என்ன, ஆர் சொன்னது?"

"நோட்டீசைப் பாத்து எங்கட சனம் எங்கையடி போறது? ஆரும் முறையாச் சொல்லி அழைக்கவேணுமெல்லோ. சொல்லாத வீட்டுக்கு எந்த மானமுள்ளவன் போவான்?"

மிருணாளினி கொப்பி ஒன்றை எடுத்தாள்.

கனடாவில் ஆள் இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் லாச்சப்பலில் இல்லை. அன்று பின்னேரம் சேலை எடுக்க வந்தவர்களிடம் ஊர் கேட்டாள், பிறகு ரொறன்ரோ இலக்கம் கேட்டாள். பாரிசில் பின்னேரம் மூன்று மணியென்றால் அங்கே காலை ஒன்பது. சேலைக் கட்டுகளுக்குப் பின்னால், கடைப் பொம்மைக்கு உடுப்பு மாற்றுகிற மூலையில் நின்றுகொண்டு அவள் சொல்லத் தொடங்கினாள்.

"வணக்கம், நான் பாரிசிலையிருந்து மிருணாளினி கதைக்கிறன். உங்கட தங்கச்சி எங்கட கடையிலைதான் மகளுக்குக் கூறை எடுத்தவா. வாற பதினெட்டாம் திகதி சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, என்ர மகளின்ர காரியம் ஒண்டு. வீட்டை வந்து சொல்லேல்லை எண்டு குறை நினையாதேங்கோ. வந்து சொன்னதா எடுத்துக்கொண்டு, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேணும்."

"ஐயோ, சந்தோசம் பிள்ளை. கலியாணமோ?"

"இல்லை. ஃபுட்போல்."



"ஃபுட்போலுக்கோ சொல்லுறாய்?"

"ஓம்."

"மாப்பிள்ளை விளையாடுறாரோ?"

"மாப்பிள்ளை ஒருத்தரும் இல்லை. மகள் அங்கை வேலை. நானூறு கதிரை தந்திருக்கினம். நிரம்பாட்டிப் பிள்ளைக்குக் குறை."

பிள்ளைக்குக் குறை என்ற இடத்தில் எல்லோரும் இளகினார்கள். "எங்கட பெடியள் உதுக்கெல்லாம் வரமாட்டாங்கள், கொம்பியூட்டரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடப்பாங்கள்" என்றவர்களிடம் மிருணாளினி ஒரே கேள்வி கேட்டாள்: "அப்ப உங்களை ஆர் காரிலை கூட்டிக்கொண்டு வாறது?" அது சரிதானே என்றார்கள். ஒரு மணித்தியாலம் நெடுஞ்சாலையில் ஓட்டிப்போக அறுபது வயதுக்காரருக்குத் தைரியம் இல்லை. ஆக, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெரியவர், அவரைக் கொண்டுவர ஒரு பேரனோ பேத்தியோ, துணைக்கு அதன் சினேகிதர்கள் என்று கொப்பியில் ஆள் கூடியது. இரவில் அந்தக் கணக்கை மகளுக்கு அனுப்பினாள்.

எட்டாம் நாள் இடி விழுந்தது. ஸ்காபரோவில் தில்லைநாயகி என்று ஒருவர். ஜெகதீஸ்வரிக்குச் சின்னம்மா முறை, எழுபத்தாறு வயது. அவர் போகாத கலியாணத்தை அந்தப் பக்கத்தில் கலியாணமென்று ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் ஜெகதீஸ்வரியைப் போனில் எடுத்து, "உங்கட கடைக்காரி எனக்கு முதல் எதிர்வீட்டு நாகேஸ்வரிக்குச் சொல்லிப்போட்டாளாம். நான் என்னெண்டு போறது? இஞ்சை ஒருத்தரும் போகாயினம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மிருணாளினி கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். நாகேஸ்வரியின் இலக்கம் முதலில் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அதை இந்த உலகத்தில் யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது? ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, தானே எடுத்தாள்.

"மாமி, நான் மிருணாளினி."

"ம்."

"உங்களுக்கு நான் சொல்லேல்லைத்தான். வாற ஆக்களுக்குத்தானே மாமி சொல்லுறது? நீங்கள் வாற ஆளில்லை. முன்னுக்கு நிண்டு நடத்திவைக்கிற ஆள். தகப்பனில்லாத பிள்ளை. நான் இஞ்சை கிடக்கிறன். அங்கை அவளுக்கு ஆர் இருக்கினம்? அதைக் கேக்கத்தான் கடைசியா எடுக்கிறன்."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "எத்தினை கதிரையாம்?"

"நானூறு."

"பஸ் பிடிக்கவேணும்" என்றார் தில்லைநாயகி. "நாகேஸ்வரியிட்டைச் சொல்லு, ரோல்ஸ் அவள் சுடட்டும்."

பதினெட்டாம் திகதி வந்தது. கடையில் வழமையாகச் சேலை விளம்பரம் ஓடுகிற ரீவியில் ஆட்டத்தைப் பிடிக்கக் குகதாசன் அரை மணித்தியாலம் வயர்களோடு சண்டை பிடித்தார். பாரிசில் மாலை ஆறு மணி. வெளியே நல்ல வெயில். பச்சை மைதானம் திரையில் வந்ததும் கடையில் நின்ற வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேரும் சேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பந்து உயர எழும்பியது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

மிருணாளினியின் போனில் படமொன்று வந்தது. சாம்பல் நிறக் கதிரைகள், வரிசைக்குமேல் வரிசை. அங்கொன்றும் இங்கொன்றுமாக முப்பது தலைகள். கீழே லக்சனா எழுதியிருந்தாள்: ஒருத்தரும் இல்லை அம்மா. பொறுப்பாளர் பாதி நேரத்திலை எண்ண வருவா.

அவள் கொப்பியைத் திறந்தாள். நூற்றுப் பதினேழு வீடு. அத்தனை வீடும் வருவோம் என்றது. வாயால் சொன்னது.

குகதாசன் எட்டிப் பார்த்தார். "எத்தினை மணி எண்டு சொன்னனீங்கள்?"

"பன்னிரண்டு மணியெண்டு."

"ஆட்டம் எத்தினைக்கு?"

"பன்னிரண்டுக்கு."

குகதாசன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உங்களுக்கென்ன விசரே? பன்னிரண்டு மணி எண்டாப் பத்து மணி எண்டெல்லோ எங்கட ஆக்களுக்குச் சொல்லுறது! பன்னிரண்டு எண்டா அவை இப்பத்தான் குளிப்பினம்!"

ஜெகதீஸ்வரி கதிரையில் இருந்துவிட்டாள். மிருணாளினிக்கு அழுகையும் வந்தது, தன்மேல் ஆத்திரமும் வந்தது. ஆயிரம் முகூர்த்தத்துக்குச் சேலை விற்றவள். அழைப்பிதழில் போடுகிற நேரம் வேறு, மணவறையில் தாலி ஏறுகிற நேரம் வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளைக்காரரின் காரியமென்று நினைத்ததில், உள்ளபடி நேரத்தைச் சொல்லிவிட்டாள்.

"பாதி நேரம் எத்தினை மணிக்கு வரும்?" என்று கேட்டாள்.

"அங்கத்தைய நேரம் ஒண்டரை மட்டிலை" என்றார் குகதாசன். "பாப்பம். சில ஆட்டம் இழுபடும்."

தில்லைநாயகியை எடுத்தாள். பதிலில்லை. இன்னும் நாலு இலக்கம் எடுத்தாள். ஒருவரும் தூக்கவில்லை. திரையில் பெரிய உடம்புக்காரர்கள் குனிந்தார்கள், மோதினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். ஒருவன் கோல் கம்பத்தை நோக்கிப் பந்தை உதைத்தான். அது விலகிப் பின்னால் போனது. ஆனாலும் அவர்களுக்கு ஒரு புள்ளி ஏறியது.

"பிழைச்சுத்தானே போச்சு, பிறகேன் ஒண்டு போட்டவை?" என்று ஜெகதீஸ்வரி கேட்டாள்.

"அப்பிடித்தானாம். மற்றப் பக்கத்தான் அதை வெளியிலை கொண்டு வராட்டி ஒண்டு குடுப்பினமாம்" என்றாள் மிருணாளினி. லக்சனா எப்போதோ சொல்லியிருந்தாள்.

"நல்ல மனசுக்காரர்" என்றாள் ஜெகதீஸ்வரி.

ஏழு மணி. ஏழே கால். அப்போதுதான் தில்லைநாயகியின் அழைப்பு வந்தது. பின்னால் ஒரே சத்தம்.

"பிள்ளை, நாங்கள் வந்து எவ்வளவு நேரம்! சாப்பாடு உள்ளுக்கு விடமாட்டினமாம். இவ்வளவு ரோல்சையும் புட்டுப் பார்சலையும் எறியிறதே? எல்லாரையும் கார் நிப்பாட்டுற இடத்திலை வைச்சுச் சாப்பிடச் சொல்லிப்போட்டன். பக்கத்திலை வெள்ளைக்காரரும் அடுப்பு வைச்சு இறைச்சி சுட்டுக்கொண்டுதான் நிக்கினம். அவைக்கும் ரோல்ஸ் குடுத்தனாங்கள். இப்ப வாசலிலை நிக்கிறம்."

"மாமி, கெதியாப் போங்கோ!"

"உனக்கென்ன அவசரம்? கை கழுவவேணுமெல்லோ."

லக்சனா வீடியோவில் வந்தாள். அவள் முகம் தெரியவில்லை. போனை வாசல் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். படிக்கட்டின் இருட்டிலிருந்து முதலில் ஒரு பட்டுச்சேலை வெளிச்சத்துக்கு வந்தது. தில்லைநாயகி. மாம்பழ நிறம், சிவப்புக் கரை. ஒரு கையில் கைத்தடி, மறு கையில் பேரன். அவருக்குப் பின்னால் நாகேஸ்வரி. அவருக்குப் பின்னும் வரிசை நிற்கவில்லை.

மிருணாளினி போனை மேசையில் சாய்த்துவைத்தாள். காற்சட்டையும் தொப்பியுமாகப் பெடியள் வந்தார்கள். முகத்தில் கழகத்தின் நிறத்தைக் கோடு கோடாகப் பூசிய பெட்டைகள் வந்தார்கள். தாய்மார் கைக்குழந்தையோடு வந்தார்கள். தன் கடையில் எடுத்த சேலை ஒன்றை, இரண்டை அடையாளம் கண்டாள். ரியூசனிலிருந்து அப்படியே இழுத்து வந்ததுபோல் முதுகில் பையோடு ஒரு கூட்டம் வந்தது. வரிசை வரிசையாகச் சாம்பல் நிறம் மறைந்துகொண்டு வந்தது. மழை வரும்போது காய்ந்த மணல் கறுத்துக்கொண்டு வருவதுபோல. இருநூறைத் தாண்டி, முந்நூறைத் தாண்டி, கதிரை போதாமல் பெடியள் படியில் நின்றார்கள். இவர்களெல்லாம் தான் சேலைக் கட்டுக்குப் பின்னால் நின்று பேசிய குரல்களா? ஒரு குரலுக்குப் பின்னால் இத்தனை முகமா?

"எண்ணினவையோ?" என்று குகதாசன் கேட்டார்.

"நாலுபேர் எண்ணிக்கொண்டு நிக்கினம்" என்றாள் லக்சனா. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "எண்ண விடாமல் ஆக்கள் எழும்பி எழும்பி இடம் மாறுகினம், அம்மா. தில்லைநாயகியம்மா வந்து பொறுப்பாளரைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினவா."

பாதி நேரம் முடிந்து ஆட்டம் தொடங்கிய பிறகு குகதாசன் கடையின் கதவை அரைவாசி இறக்கினார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசிப் பகுதியில் ஆட்டம் இறுகியது. எதிர்ப்பக்கத்தவரிடம் பந்து இருக்கும்போது, தங்கள் ஆட்கள் பேசுவது அவர்களுக்கே கேட்காதபடி சத்தம் போடவேண்டும். நம்முடைய பக்கத்திடம் பந்து இருக்கும்போது, நடுவில் நிற்கிறவன் கூப்பிடும் இலக்கம் மற்றவர்களுக்குக் கேட்கும்படி வாயை மூடவேண்டும். இதை லக்சனா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சொன்னார்கள். தில்லைநாயகி கைத்தடியைத் தூக்கினால் அந்தப் பக்கம் அடங்கும்.

அந்த அடக்கத்தை மிருணாளினி போனில் கேட்டாள். பதினாறாயிரம் பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் வெள்ளைக்கிழவர்களும் ஒருசேர. அவளுக்குத் தெரிந்த மௌனம் ஒன்று உண்டு. எந்த நிகழ்ச்சியென்றாலும் தொடங்குமுன் எழுந்து நின்று இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் தலைகுனிவது. எத்தனையோ மண்டபங்களில் வாசலோரக் கதிரையிலிருந்து எழுந்து அதைச் செய்திருக்கிறாள். இது அதுவல்ல. இந்தச் சனம் ஒருவரையும் நினைத்து அடங்கவில்லை. உயிரோடு புல்லில் நிற்கிற ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குக் கேட்கவேண்டுமென்று அடங்கியிருந்தது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். உலகத்தில் இப்படியொன்று இருக்கிறதென்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு பந்து பறந்தது. ஒரு நீளமான பையன் மூலைக்கு ஓடி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். அந்த நானூறும் எழுந்தது. கடையில் குகதாசனும் எழுந்தார்.

"என்ன நடந்தது?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"எனக்கென்ன தெரியும்? நல்லதுதான் நடந்திருக்கவேணும்" என்று கத்தினார் குகதாசன்.

ஆட்டம் முடிய ஒன்பது மணியாகிவிட்டது. தெருவில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. லக்சனா மறுபடி வந்தாள். இம்முறை அவள் முகம் தெரிந்தது. வெயிலில் கறுத்துப்போய், தொண்டை கட்டி, கன்னத்தில் நிறம் பூசியிருந்தாள். பின்னால் தில்லைநாயகியின் குரல் கேட்டது: "அடுத்தது எப்பவாம் எண்டு கேள். ஆனால் சொல்லாட்டி வரமாட்டம்."

"அம்மா, நானூற்றுப் பன்னிரண்டு" என்றாள் லக்சனா. "முக்கால்வாசி இருபத்தைஞ்சு வயசுக்குக் கீழை. பொறுப்பாளர் இப்பவே கூப்பிட்டுக் கேட்டவா. நிக்கச் சொல்லி. வருசம் முழுக்க."

மிருணாளினி கொப்பியை மூடிவைத்தாள்.

"அம்மா? நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுறதுதான். வரச்சொன்னா வாறன். பர..."

"அந்தச் சொல்லைச் சொல்லாதை" என்றாள் மிருணாளினி. தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது. "உன்னைக் கேட்டவை. நில். ஓம் எண்டு போய்ச் சொல்லு."

"நீங்கள் தனியவெல்லோ?"

"நான் ஆரோடை கதைக்கிறது எண்டு நீ கவலைப்படாதை. நூற்றுப் பதினேழு வீடு என்னட்டைக் கிடக்கு. இனி மாசா மாசம் சொல்லவேணும்."

லக்சனா அழுதாள். சின்னப் பிள்ளையைப்போல, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அழுதாள். ஒன்பது வருடத்தில் தன் மகள் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"போனை அங்காலை திருப்பிப் பிடி" என்றாள். "சனம் போறதைப் பாப்பம்."

சனம் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் ஓடவில்லை. வந்த படிகளால், வந்த மாதிரியே, மெதுவாக இறங்கிப்போனார்கள். ஒரு தகப்பன் நித்திரையான பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன் பாதிப் படியில் தொப்பியைத் தவறவிட்டு, தாயின் கையை உதறிவிட்டு மேலே ஓடினான். மிருணாளினி மேசையிலிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்தாள். பையன் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டான். தாய் அதே படியில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் இறங்கிவந்து அந்தக் கையைப் பிடித்தான். இருவரும் போனார்கள்.

குகதாசன் கதவை இறக்கும் கம்பியோடு வந்து நின்றார். "அடைப்பமே, தங்கச்சி?"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்றாள் மிருணாளினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாரும் போய் முடியட்டும்."

அவர் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.